மூன்றாவது மிதி

எங்கள் வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் பிரேக்கை மூன்று முறை மிதிக்க வேண்டும். முதல் மிதி சும்மா போகும். இரண்டாவது மிதியில் காலுக்கடியில் ஏதோ இருப்பது தெரியும். மூன்றாவது மிதியில்தான் வண்டி, போனால் போகிறது என்று நிற்க ஆரம்பிக்கும். அந்த மூன்றையும் எவ்வளவு இடைவெளி விட்டு, எவ்வளவு அழுத்தி மிதிக்க வேண்டும் என்பது பாவாவின் வலது காலுக்கு மட்டும்தான் தெரியும். பாவா என் அக்காவின் கணவர். இருபது வருடமாக அந்த வண்டிக்கு அவர்தான் டிரைவர்.

வண்டி எங்கள் அப்பா, நைனா, வாங்கியது. ஜீப்பின் முகமும் பின்னால் திறந்த தொட்டியுமாக இருக்கும் பழைய பிக்கப். ஆர்.கே.பேட்டையில் எங்கள் தறி ஷெட்டில் நெய்த கைலிகளைக் கட்டுக் கட்டாகத் திருத்தணிக்கு ஏற்றிப் போகும். திரும்பும்போது நூல் மூட்டை ஏற்றி வரும். நைனா போன பிறகு ஷெட்டும் வண்டியும் என் பேருக்கு வந்தன. சாவி மட்டும் வரவில்லை. அது பாவாவின் சட்டைப் பையில் இருந்தது. நைனா கடைசியாகப் படுத்திருந்தபோது எங்கள் எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "அவன் காலு நல்லா இருக்கிற வரிக்கும் வண்டி அவன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். செத்தவர் வார்த்தையை மீறினால் அக்கா என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள்.

எனக்கு அந்தச் சாவி வேண்டும். வேறு எந்த நியாயமும் சொல்லி இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. என் பேரில் இருக்கும் வண்டியில், நான் போக வேண்டிய இடத்துக்குப் போக, நான் இன்னொருவர் சௌகரியத்தைக் கேட்டு நின்றேன். நாற்பது வயதுக்கு மேல் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பாவா டீக்கடையில் கதை பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

ஒரே ஒரு முறை நான் அந்த வண்டியை ஊருக்குள் ஓட்டினேன். பாவாவுக்குக் காய்ச்சல். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், முதல் இரண்டு மிதிகளை எண்ணிக்கொண்டு மூன்றாவதுக்கு வருவதற்குள் வண்டி ஒரு பூக்கடைக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பந்தலில் தொங்கிய மல்லிகைச் சரமெல்லாம் பானெட் மேல் விழுந்தது. அன்றிலிருந்து கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் சேர்ந்த இடத்திலெல்லாம் பாவா ஆரம்பித்துவிடுவார். "எங்க ஓனரு பஸ் ஸ்டாண்டுலயே வண்டிக்கு மால போட்டவரு!" என்னை அவர் பேர் சொல்லியோ மச்சான் என்றோ கூப்பிட்டதில்லை. ஓனரு. அந்த வார்த்தையைச் சொல்லும்போது வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகும்.

போன மழைக்காலத்தில் வண்டி கடைத்தெருவில் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்பக்கத்தைப் போய் முட்டியது. சக்கரத்து பிரேக் டிரம்மில் தண்ணீர் இறங்கிவிட்டால் பாவாவின் மூன்று மிதிகூட எடுபடாது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து, ஓட்டியவரை விட்டுவிட்டு, இடது பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். வண்டி யாருடையது என்று கேட்டார், நான் என்னுடையது என்றேன், அதற்கு மேல் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. பாவா ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாதவர் போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் முடிவு செய்தேன். பிரேக்கை மாற்றிவிட்டால் அந்த வண்டியை யாரும் ஓட்டலாம். யாரும் ஓட்டலாம் என்றால் பாவா எதற்கு?

கே.ஜி.கண்டிகையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். வண்டியைத் தூக்கி நிறுத்தி முன் சக்கரத்து டிரம்மைக் கழற்றினார். உள்ளே பிரேக் கட்டை தேய்ந்து ரிவெட் தெரிந்தது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வெச்சிகினா இத்தினி நாளு ஓட்னாரு? மனுசன் கால்லதாண்ணா பிரேக்கு இருந்துக்குது" என்றார்.

அந்தப் பாராட்டு எனக்குப் பிடிக்கவில்லை. வேலையைப் பாருங்கள் என்றேன்.

காயலான் கடை ஒன்றில் புது மாடல் பிக்கப் ஒன்று விபத்தில் முகம் நசுங்கிக் கிடந்தது. அதன் முன் சக்கரத்து டிஸ்க் பிரேக் சாமான்கள், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தோம். பூஸ்டர் என்பது இன்ஜின் பக்கம் உட்காரும் வட்டமான கறுப்புக் குடுவை. நாம் லேசாக மிதித்தால் போதும், மீதி பலத்தை அது கொடுக்கும். அதற்கு வேண்டிய வாக்குவத்தை, அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பை, உண்டாக்கப் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, வாக்குவம் பம்ப் சேர்ந்த டைனமோவை மாட்டினார். புது பைப், புது ஹோஸ், புது ஆயில். மூன்று நாள் வேலை. மூன்று நாளும் நான் கூடவே நின்றேன். பாவா வண்டியையும் சாவியையும் கொண்டுவந்து விட்டதோடு சரி, பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ண்ணா, ஒரு மேட்டரு. இந்தப் பூஸ்டரு இன்ஜின் ஓடிகினு இருந்தாத்தான் வேல செய்யும். இன்ஜின் ஆஃப் ஆயிட்டா ரெண்டு மிதி, மிஞ்சிப் போனா மூணு மிதி தாங்கும். அப்பறம் பெடலு கல்லு. ஏறி நின்னாலும் புடிக்காது. உங்க பாவா எறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நூட்ரல்ல வர்ற ஆளு. பெடல உட்டு உட்டு பம்ப் வேற பண்ணுவாரு. மறக்காம சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

"பழைய பிரேக்குக்கு இன்ஜின் ஓடினாலும் ஒண்ணுதான், ஓடலன்னாலும் ஒண்ணுதான். இது அப்டி இல்ல. அவருக்குப் புரியிற மாரி சொல்லுங்க."

"சொல்றேன்னு சொன்னேன் இல்ல?"

கண்டிகையிலிருந்து நானே ஓட்டி வந்தேன். காலி ரோட்டில் வேகமாகப் போய் ஒரே ஒரு முறை மிதித்தேன். வண்டி நின்ற வேகத்தில் என் நெஞ்சு ஸ்டியரிங்கில் இடித்தது. வெட்கமில்லாமல் சத்தம் போட்டுச் சிரித்தேன். திரும்பப் போய், திரும்ப மிதித்து, நாலைந்து தரம் அதையே செய்தேன். சாலையோரம் ஆடு மேய்த்த அம்மா ஒருத்தி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தியபோது தறிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாவாவும் அங்கேதான் இருந்தார். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து முன் சக்கரத்தைக் காலால் எத்தினார்.

"இன்னா ஓனரு, வண்டிக்குக் கால மாத்திட்டியாமே?"

"டிஸ்க்கு போட்டிருக்குது பாவா. பூஸ்டரும் இருக்குது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ எனக்கு சொல்லணுமா?" என்றவர் தறிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினீங்களா? பஸ் ஸ்டாண்டுல வண்டிக்கு மால போட்டவரு எனக்கு பிரேக்கு சொல்லித் தராராம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. என்னிடம் கூலி வாங்குகிற ஆட்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சொல்ல வந்தேன், அவர்தான் விடவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. அது பொய். அன்றைக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. நானும் பாவாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் இருந்த முருங்கைக்காயைப் பொறுக்கி எடுத்து, எனக்குப் பிடிக்கும் என்று என் தட்டில் வைத்தார். ஒரு வாய்ச் சோறு விழுங்குகிற நேரம் போதும் அதைச் சொல்ல. நான் முருங்கைக்காயைத் தின்றேன்.

என் மனதில் ஓடியது இதுதான். இறக்கத்தில் ஒரே ஒரு வளைவு, பெடல் கல்லாகட்டும். அவர் வியர்த்துக் கொட்டட்டும். எப்படியோ வண்டியை நிறுத்திவிடுவார், இருபது வருடக் கால் ஆயிற்றே. நிறுத்திவிட்டு, "இந்த வண்டி எனக்கு வேணாண்டா" என்று அவரே சாவியைக் கொடுப்பார். நைனா வார்த்தையும் மீறப்படாது, அக்காவும் கோபித்துக்கொள்ள மாட்டாள். இதை நான் எவ்வளவு நிதானமாக யோசித்தேன் என்பதை நினைத்தால் எனக்கே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

பிரேக்கை மாற்றினால் புது வண்டி மாதிரிதான், திருத்தணி மலைமேல் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட வேண்டும் என்றாள் அக்கா. எங்கள் பக்கம் பழைய ஸ்கூட்டருக்கு டயர் மாற்றினால்கூட முருகனிடம் காட்டாமல் ஓட்ட மாட்டார்கள். மறுநாள் காலையே கிளம்பினோம். அக்காவுக்கு வேண்டுதல், ஏறுவதும் இறங்குவதும் படியில்தான். பாவா வண்டியில் தனியாக. நான் பின்னால் என் பைக்கில்.

மேலே கூட்டம் அதிகமில்லை. குருக்கள் பானெட்டில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். புதுசு எது என்று கேட்டார். "பிரேக்கு சாமி" என்றாள் அக்கா. குனிந்து சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். பாவா வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்கி, பழக்க தோஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி அடித்தாற்போல நின்றது. பானெட் மாலை சரிந்து தரையில் விழுந்தது. சுற்றி நின்றவர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

பாவாவின் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. கீழே இறங்கி மாலையை எடுத்துத் தட்டித் திரும்பப் போட்டார். "இன்னாடா இது, தொட்டா நிக்குது. காலுக்கு ஒரு மரியாதியே இல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அக்கா படிப்பக்கம் போனாள். பாவா வண்டியை எடுத்தார். நான் பத்தடி விட்டுப் பின்னால் போனேன். முதல் வளைவு தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். சைலன்சர் புகை நின்றது. இன்ஜின் சத்தம் நின்றது. வண்டி சக்கரச் சத்தம் மட்டுமாக உருண்டது. இருபது வருடமாக அந்த மலையில் அவர் அப்படித்தான் இறங்குவார். கேட்டால், "சாமியே தள்ளி உடுறாரு, டீசல் எதுக்கு?" என்பார்.

ஹாரன் அடித்திருக்கலாம். என் கட்டைவிரல் ஹாரன் மேலேயே இருந்தது. முன்னால் போய்க் கையைக் காட்டிக் கத்தியிருக்கலாம். ரோடு காலியாகத்தான் இருந்தது. ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது. அதுவும் அணைந்து, அடுத்த முறை எரிந்தது அணையவில்லை, ஆனால் வண்டி வேகம் எடுத்தது. அவர் தலை குனிந்து நிமிர்வது பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கியர் போடப் பார்த்தார், பல் கடிக்கிற சத்தம் கேட்டது, விழவில்லை. ஹேண்ட் பிரேக் செத்து எத்தனையோ வருடம். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய சின்னத் தலைகள் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பாவா ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தார். அந்த இடத்தில் நான் இருந்தால் அப்படி ஒடித்திருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் பைக்கைப் போட்டுவிட்டு ஓடியபோது வலது பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. ஸ்டியரிங் அவர் வயிற்றோடு இருந்தது. வலது கால் பெடல்களுக்கு நடுவில் சிக்கி, பாதம் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அப்போதும் தொடை அசைந்தது. அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

"மூணு தபா மிதிச்சேண்டா" என்றார் என்னைப் பார்த்து. "நாலாவது தபாவும் மிதிச்சேன். ஏண்டா நிக்கல?"

ஓனரு என்ற கேலி இல்லாமல் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான், "பேசாதீங்க பாவா" என்றேன்.

கம்பியால் நெம்பித்தான் காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பிளேட்டும் ஸ்குருவும் வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் முட்டியும் கணுக்காலும் மடங்காது, வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அக்கா கட்டில் பக்கத்தில் நின்று அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பிரேக்க மாத்தினியே, அதப் பத்தி அவருக்கு எல்லாம் சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா. அவருதான் காதுல வாங்கல."

சொல்லும்போது என் குரல் பிசிறவே இல்லை. பாவா கண்ணை மூடிப் படுத்திருந்தவர் திறந்தார். எதைச் சொன்னதாக நான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் அப்போது தெரியாது. ஆனால் தன் வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாமல் ஒன்று இருந்தது என்று பெண்டாட்டி முன்னால் ஒத்துக்கொள்வதைவிட, சொன்னதைக் கேட்காத திமிர்பிடித்தவன் என்று பேர் வாங்குவது அவருக்குச் சுலபம். எனக்கு அது தெரியும். அதை நம்பித்தான் பொய் சொன்னேன்.

"ஆங். சொன்னான்" என்றார். "நான்தான் மறந்துட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு வாரம் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே திட்டினாள். அதையும் அவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள் ரத்தக்கறையோடு சுருட்டி வைத்திருந்த சட்டையின் பையிலிருந்து, அன்று யாரோ வண்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "காலு நல்லா இருக்கிற வரிக்கும்னு நைனா சொன்னாரு. இனிமே உனக்குத்தான்" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

வண்டியைக் கண்டிகைக்குக் கட்டி இழுத்துப் போனோம். பானெட், ரேடியேட்டர், ஸ்டியரிங் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. பிரேக்குக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. மெக்கானிக் அதைத் துடைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியைத் திரும்ப எடுக்கப் போன அன்றுதான் வாயைத் திறந்தார்.

"உங்க பாவாவ ஊட்ல போயி பாத்தேண்ணா. நான் சொல்லச் சொன்னத நீங்க சொன்னீங்களான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"அந்தப் பூஸ்டரு எப்டி வேல செய்யுது, இன்னொரு தபா சொல்லுன்னாரு. சொன்னேன். டீ குட்சிட்டு போன்னாரு."

அன்று கண்டிகையிலிருந்து ஆர்.கே.பேட்டை வரை எப்படி ஓட்டி வந்தேன் என்று ஞாபகமில்லை. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். எல்லாம் வெளியே வரப்போகிறது, வரட்டும், அக்கா துடைப்பத்தை எடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று உள்ளே போனேன். பாவா நாற்காலியில், நீட்டிய காலை ஒரு ஸ்டூலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா காபி கொடுத்தாள். பாவா லோடு பற்றிக் கேட்டார், நூல் வந்ததா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது, அக்கா பக்கத்தில் நிற்கும்போது, சிரித்த முகத்தோடு சொன்னார்.

"எறக்கத்துல எறங்க சொல்ல இன்ஜின ஆஃப் பண்ணாத. பூஸ்டர் வண்டி. ரெண்டு மூணு மிதிக்கு மேல தாங்காது. இன்னா?"

"ஆங் பாவா" என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரே மிதியில் வண்டி நிற்கிறது. என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் நான் வண்டி எடுக்கும் ஒவ்வொரு காலையும் பாவா அந்த மடங்காத காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். தறிக்காரர்கள் இருந்தாலும், ரோட்டில் யார் போனாலும், ஓட்டுபவர் பக்கத்து ஜன்னலில் கை வைத்து, ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொல்கிறார். எறக்கத்துல எறங்க சொல்ல இன்ஜின ஆஃப் பண்ணாத. தோளிலும் ஒரு தட்டு தட்டுவார். மழை பெய்தாலும் வருகிறார். காய்ச்சல் வந்தபோதும் அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார்.

வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்த்தேன், நேரத்தை மாற்றிப் பார்த்தேன். எப்போது சாவியைத் திருகினாலும் அந்தக் கால் இழுபடும் சத்தம் கேட்டுவிடுகிறது. ஒருநாள் தாங்க முடியாமல், "பாவா, எனக்குத் தெரியும்" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும்டா. உனக்குத் தெரியாதா? இருந்தாலும் சொல்லணும் இல்ல" என்றார்.

அக்காவுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. வாசற்படியில் நின்று சத்தம் போட்டாள். "இந்த மனுசன் சொன்னதக் கேக்காம கால ஒட்ச்சிகினாரு. அந்த கதி உனக்கு வரக் கூடாதுன்னு தெனம் நொண்டிகினு வந்து சொல்றாரு. உன் மேல எவ்ளோ அக்கறன்னு தெரியுதாடா உனுக்கு? பதில் சொல்லு அவருக்கு."

பாவா ஜன்னலில் கை வைத்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆங் பாவா" என்றேன்.